ஜெர்மனியில் திருச்சபை இசைஞராக முதுநிலைப் பயிற்சி: ‘ஏ’ தேர்வு வரை படிப்படியாக

நம் ஊர் ஆலயங்களில் ஆர்கன் வாசிப்பவர் பெரும்பாலும் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை பாடகர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துவிட்டு, ஞாயிறு காலையில் கீபோர்டின் முன் வந்து உட்காருபவர். ஜெர்மனியில் அதே பணிக்குத் தனிப் படிப்பும் தனித் தேர்வும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. ஆர்கன் செய்யும் கைத்தொழிலையும் ஆர்கன் இசையையும் யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது, ஜெர்மனியில் சுமார் 400 ஆர்கன் பட்டறைகளும், முழுநேரமாகப் பணியாற்றும் 3,500 ஆலய ஆர்கன் இசைஞர்களும், இவர்கள் தவிர ஊதியம் கருதாமல் வாசிக்கும் பல்லாயிரம் பேரும் இருப்பதாகப் பதிவாயிற்று. அந்த 3,500 பேரில் ஒருவராக விரும்பும் தமிழ் இளைஞர் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்க எண்ணும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு லண்டன் வாரியத்தின் எட்டாம் கிரேடு சான்றிதழோடு, மூன்று பெரிய உருப்படிகளை மாதக்கணக்கில் மெருகேற்றி வைத்திருப்பார்கள். தேர்வு அறையில் அந்த மூன்று உருப்படிகளுக்குக் கிடைக்கும் நேரம் அரை மணிக்கு மேல் இல்லை. மீதி நேரமெல்லாம் அவர் கேள்விப்படாத ஒரு பாமாலை மெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார், முன்பின் தெரியாத இருபது பேரை எப்படிப் பாட வைக்கிறார் என்பதைப் பார்ப்பதற்கே போகிறது. ஆயத்தத்தையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்பவர்கள்தான் தேறுகிறார்கள்.

முதல் படி: மூன்று எழுத்துகளின் பொருளைத் தெரிந்துகொள்வது

ஜெர்மானியத் திருச்சபை இசைப் பணி சி, பி, ஏ என்ற மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சி என்பது பகுதிநேரப் பணிக்கான தகுதி. வேறு தொழில் செய்பவர்கள் வார இறுதிகளில் படித்து எழுதுவது. பி முழுநேரப் பணிக்கான அடிப்படைத் தகுதி. இப்போது அது எட்டுப் பருவங்கள், அதாவது நான்கு ஆண்டுகள், நீளும் இளங்கலைப் படிப்பாக இருக்கிறது. ஏ என்பது அதற்கு மேல் நான்கு பருவங்கள் படித்துப் பெறும் முதுநிலை. பெரிய நகர ஆலயங்கள், பேராலயங்கள், ஒரு வட்டாரத்துக்கே இசைப் பொறுப்பு வகிக்கும் இடங்கள் ஆகியவை ஏ தகுதியைக் கேட்கும் பணியிடங்கள்.

இந்த எழுத்துகள் ஆளின் தகுதியை மட்டும் குறிப்பவை அல்ல. பணியிடங்களுக்கும் இதே எழுத்துகள்தான். ஒரு சபை தன் பணியிடத்தை பி என்று வகுத்திருந்தால், ஏ முடித்தவர் அங்கே சேரலாம், ஆனால் சம்பளம் பி இடத்துக்கு உரியதாகவே இருக்கும். படிப்பில் சேருமுன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் ஏ இடங்கள் குறைவு, பி இடங்கள் அதிகம்.

இரண்டாம் படி: எந்தத் திருச்சபை, எந்தக் கல்லூரி

படிப்பு இரண்டு கிளைகளாக நடக்கிறது: புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம். முன்னதற்கு ஜெர்மனியின் 20 வட்டாரத் திருச்சபைகளும், பின்னதற்கு 27 மறைமாவட்டங்களும் வேலை கொடுப்பவர்கள். ஆர்கன், பியானோ, குழு நடத்துதல் ஆகிய பாடங்கள் இரு கிளைக்கும் பொது. கத்தோலிக்கக் கிளையில் கிரிகோரியன் பாட்டு, இலத்தீன், திருப்பலி வழிபாட்டு முறை ஆகியவை சேரும்; புராட்டஸ்டன்ட் கிளையில் லூத்தர் காலம் முதல் வரும் கோரால் எனப்படும் சபைப் பாடல் மரபும், ஊருக்கு ஊர் இருக்கும் பித்தளை ஊதுகருவிக் குழுக்களை நடத்துவதும் சேரும்.

கல்லூரிகளும் இரு வகை. அரசு இசைப் பல்கலைக்கழகங்களில் ஒரு துறையாகத் திருச்சபை இசை இருக்கும். லைப்சிக், ஹாம்பர்க், ஷ்டுட்கார்ட், ஃப்ரைபுர்க் ஆகியவை அப்படிப்பட்டவை. திருச்சபைகளே நடத்தும் சிறு கல்லூரிகள் மற்றொரு வகை: ஹைடல்பெர்க் (1931), டிரெஸ்டன் (1949), ஹாலெ, டூபிங்கன் ஆகியவை புராட்டஸ்டன்ட் கல்லூரிகள், ரேகன்ஸ்பூர்க் (1874), ரோட்டன்பூர்க் ஆகியவை கத்தோலிக்கக் கல்லூரிகள். அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓபரா, இசைக்குழு, ஜாஸ் மாணவர்களோடு பழக்கம் ஏற்படும். பின்னாளில் ஒரு ஒரட்டோரியோவுக்கு (பாடகர் குழுவும் இசைக்குழுவும் சேர்ந்து வழங்கும் பெரிய சமயப் படைப்பு) தனிப்பாடகர்களும் வயலின்காரர்களும் தேவைப்படும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். சிறு கல்லூரியில் ஆசிரியர் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார், பயிற்சி ஆர்கனுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவருக்கு நான் சிறு கல்லூரியையே முதலில் சொல்வேன்.

தமிழ் வாசகருக்கு இந்த ஊர்ப் பெயர்கள் புதியவை அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஹாலெயில் படித்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் லுத்தரன் சபையை வளர்த்த மிஷன் லைப்சிக்கைத் தலைமையிடமாகக் கொண்டது. அதே லைப்சிக்கில், புனித தோமா ஆலயத்தில், 1723 முதல் 1750-இல் இறக்கும் வரை இசையமைப்பாளர் பாக் பணியாற்றினார்; 1843-இல் மெண்டல்சோன் அந்நகரின் இசைக் கல்லூரியைத் தொடங்கினார்; 1918 முதல் 1939 வரை பாக் வகித்த அதே பதவியில் இருந்த கார்ல் ஷ்ட்ராவ்பெயிடம் ஒரு தலைமுறை ஆர்கன் இசைஞர்கள் படித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரீசியஸ் தமிழாக்கிய ஜெர்மானியப் பாடல்களைச் சிறு வயதிலிருந்து ஞானப்பாட்டாகப் பாடி வளர்ந்த ஒருவர், அங்கே முதல் வகுப்பில் கேட்கும் மெட்டுகளில் சிலவற்றையாவது ‘இது நம் ஆலயத்தில் பாடுவதாயிற்றே’ என்று அடையாளம் கண்டுகொள்வார். அது சிறிய அனுகூலம் அல்ல.

மூன்றாம் படி: நேராக முதுநிலையில் சேர முடியுமா என்று சோதித்துக்கொள்வது

இந்த இடத்தில்தான் பலர் ஓராண்டை வீணாக்குகிறார்கள். திருச்சபை இசை முதுநிலையில் சேர, பொதுவாகத் திருச்சபை இசையிலேயே இளங்கலை, அதாவது பி தகுதி, அல்லது அதற்குச் சமமானது வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற பி.ஏ., பி.எஸ்ஸி., ஏன் இசையில் பெற்ற பட்டம்கூட இதற்குச் சமமாக எண்ணப்படுவது அரிது. அந்தப் பட்டங்களில் ஆர்கன், குழு நடத்துதல், வழிபாட்டு வாசிப்பு ஆகிய மூன்றும் ஒருசேர இருப்பதில்லை. ஆகவே பட்டதாரியாக இருந்தாலும் இளங்கலையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கலாம். முன்பு படித்த பாடங்களுக்கு விலக்குக் கிடைத்தால் ஆண்டுகள் குறையும்.

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஆர்கனில் பட்டம் பெற்றவருக்கு இன்னொரு வழி உண்டு. ஆர்கன் மட்டும், அல்லது குழு நடத்துதல் மட்டும் என்று தனி முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. அவற்றில் சேர பி தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டம் உங்களை ஏ இசைஞர் ஆக்காது. மேடைக் கலைஞராவதா, ஒரு சபையின் இசைப் பொறுப்பாளராவதா என்ற கேள்விக்கு இந்தக் கட்டத்திலேயே விடை சொல்லிவிட வேண்டும்.

விண்ணப்பம் அனுப்புமுன் துறைத் தலைவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சிறு கடிதம் எழுதி, உங்கள் சான்றிதழ்களின் பாடப் பட்டியலை இணைத்து, எந்த நிலையில் விண்ணப்பிக்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் பதில் எழுதுவார்கள். சிலர் ஒரு மாதிரி வகுப்புக்கு வரச் சொல்வார்கள். போக முடிந்தால் போய்விட வேண்டும், ஏனெனில் அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் உங்களையும் நீங்கள் ஆசிரியரையும் எடை போட்டுவிடலாம்.

நான்காம் படி: கால்களைப் பழக்குவது

தமிழ்நாட்டில் குழாய் ஆர்கன் இருக்கும் ஆலயங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் பேராலயம், செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் போன்ற சில இடங்களைத் தவிர்த்தால், நம்மவர் கையில் இருப்பது பெடல் (காலால் வாசிக்கும் கட்டைகள்) இல்லாத மின் கீபோர்டு. இதனால் கை விரல்கள் நன்றாக ஓடும், இடது கையே பாஸ் எனும் மிகத் தாழ்ந்த குரலின் சுரத்தையும் சேர்த்து வாசிக்கப் பழகியிருக்கும். முழுப் பெடல் பலகை உள்ள கருவியில் உட்கார்ந்ததும் இடது கை பாஸை விட மறுக்கும், கால் அதே சுரத்தைத் தேடித் தவிக்கும். இதைச் சரிசெய்யக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகும். பெடல் உள்ள ஆலயம் எதுவாயினும் அங்கே வார நாள்களில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், மிடி பெடல் பலகை ஒன்றை வீட்டு கீபோர்டோடு இணைத்துக்கொள்வது செலவானாலும் பயன் தரும்.

பழகும் முறை எளியது. எந்தப் பாமாலைப் பாட்டையும் எடுத்து, முதல் நாள் பாஸ் வரியைக் காலால் மட்டும் வாசியுங்கள். அடுத்த நாள் பாஸ் காலில், அதற்கு மேல் குரலான டெனர் இடது கையில். மூன்றாம் நாள் பாஸ் காலில், டெனர் இடது கையில், மெட்டு வரும் மேல் குரலான சொப்ரானோவை வாயால் பாடுங்கள். நான்காம் நாள் நான்கு குரலும் சேரும். வாயால் பாடும் அந்த மூன்றாம் நாளைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

உருப்படிகளைப் பொறுத்தவரை, இளங்கலை நுழைவுத் தேர்வுக்கு பாக்கின் ஒரு பிரெலூட்-ஃபியூகும் (ஒரு முன்னிசையும், ஒரே கருவைக் குரல் குரலாகத் தொடரும் உருப்படியும்), பத்தொன்பது அல்லது இருபதாம் நூற்றாண்டு உருப்படி ஒன்றும், ‘ஓர்கல்பூக்லைன்’ என்ற சிறு தொகுப்பிலிருந்து ஒரு கோரால் முன்னிசையும் பொதுவாகப் போதும். அந்தத் தொகுப்புக்கு பாக் 164 பாடல் தலைப்புகளை எழுதி வைத்துவிட்டு 46-ஐ மட்டுமே முடித்தார். ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம்தான், ஆனால் நான்கு குரல்களையும் தனித்தனியாகக் கேட்கும் காதை இதைப்போல் வளர்க்கும் நூல் வேறில்லை. முதுநிலைக்கு வரும்போது பாக்கின் ஆறு டிரியோ சொனாட்டாக்களில் ஒன்று ஏறக்குறையக் கட்டாயம்: வலது கை ஒரு குரல், இடது கை ஒரு குரல், கால் ஒரு குரல், மூன்றும் சம உரிமையோடு நடக்கும், ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. அதோடு ரேகர் அல்லது பிராங்கின் பெரிய உருப்படி ஒன்றும், மெசியான் போன்ற இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஒருவரும் இருந்தால் நிகழ்ச்சி நிரல் சமநிலையாக இருக்கும்.

பழைய கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். சில்பர்மன் 1714-இல் ஃப்ரைபெர்க் பேராலயத்துக்குக் கட்டிய ஆர்கனில் மிகத் தாழ்ந்த சி-ஷார்ப் கட்டையே கிடையாது. அந்தக் காலத்தில் அது வீண் செலவு என்று விட்டுவிட்டார்கள். புதிய கருவியில் மட்டும் பழகியவர் அங்கே போய் உட்கார்ந்தால் தேடும் இடத்தில் அந்தக் கட்டை தட்டுப்படாது. வரலாற்றுக் கருவிகளில் வாசிப்பது முதுநிலைப் படிப்பின் ஒரு பகுதி என்பதால், இந்த வகைத் திகைப்புகளுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: ஆலய மனோதர்மம்

கர்நாடக இசையில் ஓரளவு பயிற்சி உள்ளவருக்கு இந்தப் பாடத்தை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: மனோதர்மம். எழுதி வைத்த உருப்படியை வாசிப்பது ஒரு திறமை. கொடுத்த மெட்டிலிருந்து அந்த நொடியில் இசையைக் கட்டி எழுப்புவது வேறொரு திறமை. ஜெர்மானிய ஆலய ஆர்கன் மரபு இரண்டாவதை விட்டுக்கொடுத்ததே இல்லை. ஞாயிறு ஆராதனையில் சபையார் பாடும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு சிறு முன்னிசை வேண்டும். போதகர் பலிபீடத்திலிருந்து பிரசங்க மேடைக்கு நடந்து போகும் நேரத்தை நிரப்ப வேண்டும். நற்கருணையின்போது வரிசை நீண்டுகொண்டே போனால் இசையும் நீள வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு மெட்டை எடுத்துப் பார்க்கலாம். பிலிப் நிக்கோலாய் 1599-இல் வெளியிட்ட விடிவெள்ளிப் பாட்டின் முதல் அடி நம் சுர முறையில் இப்படி வரும்: ச ப க ச, ப த த ப. எட்டே சுரங்கள். தேர்வாளர் இந்தப் பாட்டைத் திறந்து வைத்து, “முதலில் ஒரு குறு முன்னிசை, பிறகு நான்கு குரலில் பாட்டு, பிறகு டெனரில் மெட்டு வரும்படி ஒரு டிரியோ” என்று சொல்வார். ஆயத்தத்துக்குச் சில நிமிடங்கள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

குறு முன்னிசை அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதன் வேலை மூன்று: சுருதியைச் சொல்வது, வேகத்தைச் சொல்வது, எந்தப் பாட்டு என்பதைச் சொல்வது. ‘ச ப க ச’ என்ற தாவலை வலது கை தொடங்கி, இடது கை நான்கு எண்ணிக்கை தள்ளி அதையே பஞ்சமத்தில் திருப்பிச் சொல்லி, கால் மூன்றாவதாகச் சேர்ந்து, ‘ப த த ப’ வில் எல்லாரும் கூடி முடிக்கலாம். மிக எளிய வடிவம். ஆனால் சபையார் மூச்சை இழுத்துப் பாடத் தயாராகிவிடுவார்கள்.

பாட்டில் தேர்வாளர் கவனிப்பது ஹார்மனியின் அழகைவிட மூச்சை. ஒவ்வொரு அடியின் முடிவிலும் மனிதர்கள் மூச்சு விடுவார்கள்; ஆர்கனுக்கு மூச்சு வாங்காது. அடி முடிவில் கையைச் சரியான அளவு தூக்கி, அடுத்த அடியைச் சரியான நொடியில் தொடங்காதவர் எவ்வளவு நுட்பமாக ஹார்மனி போட்டாலும் சபை பின்தங்கும். கூடவே நீங்களே மெல்லிய குரலில் பாடிக்கொண்டு வாசித்தால் இந்தத் தவறு வராது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் இதைச் செய்யாமல் முதல் தேர்வில் தவறினார், அடுத்த ஆண்டு தேர்வாளர்களுக்குக் கேட்கும்படியாகவே பாடிக்கொண்டு வாசித்துத் தேறினார்.

டிரியோதான் கடினம். மெட்டு டெனர் குரலில், இடது கையில், ஒரு நாணல் ஒலியில் நிற்கும். வலது கை வேறொரு மேனுவலில் (கைக் கட்டை வரிசையில்), இலேசான புல்லாங்குழல் ஒலியில், மெட்டின் முதல் மூன்று சுரங்களைச் சிறுத்து ஓடும் ஒரு வடிவத்தைத் தொடர்ந்து வாசிக்கும். கால் எட்டடி ஒலியில் (எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும் குழாய்களில்) நிதானமாக நடக்கும். இதற்கு நாள்தோறும் ஒரு பாட்டு என்ற கணக்கில் பழகுவதைவிடக் குறுக்கு வழி இல்லை. ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் பாடல்நூலின் பொதுப் பகுதியில் 535 எண்கள் இருக்கின்றன. நாளைக்கு ஒன்று வீதம் எடுத்தால் ஒன்றரை ஆண்டில் ஒரு சுற்று வந்துவிடும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பாட்டையும் ஒரு சுருதி மேலும் ஒரு சுருதி கீழும் மாற்றி வாசியுங்கள். கேட்கும் சுருதியில் வாசிக்கச் சொல்வது எல்லாத் தேர்வுகளிலும் உண்டு.

ஆறாம் படி: இருபது பேரின் முன் நிற்பது

குழு நடத்தும் தேர்வில் கல்லூரியின் பாடகர் குழுவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு, முன்னதாகத் தந்த ஓர் உருப்படியைச் சுமார் இருபது நிமிடங்கள் ஒத்திகை பார்க்கச் சொல்வார்கள். கை அசைவின் அழகுக்கு அங்கே குறைந்த மதிப்பெண்ணே. முதல் நிமிடத்தில் பாடியதைவிடக் கடைசி நிமிடத்தில் அந்தக் குழு நன்றாகப் பாடியதா என்பதுதான் கேள்வி.

டெனர்கள் ஓர் இடத்தில் சுருதி இறங்குகிறார்கள் என்று வையுங்கள். “சுருதி சேரவில்லை” என்று சொல்வது யாராலும் முடியும். அந்தச் சுரத்துக்கு முன் ஆல்ட்டோ எந்தச் சுரத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து, “ஆல்ட்டோவைக் கேளுங்கள், அதே சுரம்தான் உங்களுக்கு” என்று சொல்லி, இரண்டு குரலையும் மட்டும் ஒரு முறை சேர்த்துப் பாட வைத்து, உடனே நான்கு குரலுக்கும் திரும்பினால், முப்பது நொடியில் காரியம் முடிந்துவிடும். இப்படிப் பேச்சைக் குறைத்து, காது எங்கே போக வேண்டும் என்று காட்டுபவரையே தேடுகிறார்கள். ஆகவே நான்கு வரிகளையும் நீங்கள் தனித்தனியாகப் பாடத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எந்த நொடியிலும் இரண்டு வரியைப் பியானோவில் வாசித்துக்கொண்டே மூன்றாவதைப் பாடிக் காட்ட முடிய வேண்டும்.

இதற்கு ஜெர்மன் மொழி அவசியம். பல கல்லூரிகள் பி2 நிலையும் (இது மொழித் திறனின் அளவு, இசைப் பணியின் பி அல்ல), சில அதற்கு மேலும் கேட்கின்றன. சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் அந்த நிலை வரை படிக்கலாம். ஆனால் தேர்வில் தேறிய ஜெர்மனுக்கும் ஒத்திகையில் செல்லும் ஜெர்மனுக்கும் தூரம் அதிகம். ‘நாற்பத்திரண்டாம் தாளக்கட்டின் மூன்றாம் எண்ணிக்கையிலிருந்து, டெனர் மட்டும், மென்மையாக’ என்பதை யோசிக்காமல் சொல்லும் அளவுக்கு அந்தச் சொற்றொடர்களைத் தனியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இங்குள்ள உங்கள் பாடகர் குழுவிடம் ஒரு மாதம் ஜெர்மனிலேயே ஒத்திகை நடத்திப் பாருங்கள்; சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று, அழைக்கும் முறை. நம் குழுவில் மூத்தவர்களை அண்ணன், அக்கா, அங்கிள் என்றழைத்து, அவர்களுடைய தவறைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பழகியிருப்போம். அங்கே வயதில் மூத்தவரிடமும் தவறை நேரே சொல்லலாம், சொல்ல வேண்டும். மரியாதைப் பன்மையும் ஒரு நன்றியும் இருந்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏழாம் படி: மற்றத் தாள்கள்

பியானோ, குரல், இசைக் கோட்பாடு, காதுப் பயிற்சி ஆகியவற்றிலும் தேர்வு உண்டு. பியானோவில் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த இரண்டு மூன்று உருப்படிகள். குரலில் இரண்டு பாட்டுகளும், துணைக்கருவி இல்லாமல் ஒரு சபைப் பாடலும். எண் குறித்த பாஸ் வரியைப் பார்த்து ஹார்மனி போட்டு வாசிப்பதும், குழுப் பாடலின் பல வரிகளை ஒரே நேரத்தில் பியானோவில் படிப்பதும் உண்டு. காதுத் தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது இரண்டு குரலில் ஒலிப்பதை எழுதுவதில். நம் சுர அறிவு முதல் குரலுக்கு நன்றாக உதவும், இரண்டாம் குரலுக்குத் தனிப் பயிற்சி தேவை.

எட்டாம் படி: காகிதங்களும் பணமும்

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும்; அதற்கான விண்ணப்பங்கள் அந்த ஆண்டின் முதல் மாதங்களிலேயே முடிந்து, நுழைவுத் தேர்வு கோடையில் நடக்கும். ஆகவே முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே சான்றிதழ் வேலைகளைத் தொடங்க வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் கல்விச் சான்றுகளை புதுதில்லியில் உள்ள ஏ.பி.எஸ். அலுவலகத்தின் வழியாகச் சரிபார்த்துப் பெற வேண்டியிருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ஞானஸ்நானச் சான்றும், திருச்சபை உறுப்பினர் என்பதற்குப் போதகர் அல்லது பங்குத்தந்தை தரும் கடிதமும் சேர்த்து வையுங்கள். படிப்பில் சேரக் கேட்காவிட்டாலும் வேலையில் சேர நிச்சயம் கேட்பார்கள்.

கல்விக் கட்டணம் பல மாநிலங்களில் கிடையாது. பருவத்துக்கான நிர்வாகத் தொகை மட்டும் கட்ட வேண்டும். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. சாக்சனியிலும் சில கல்வி நிறுவனங்கள் இத்தகைய கட்டணம் வாங்குகின்றன. விசாவுக்காக முடக்கிய வங்கிக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடியும் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. வெளிநாட்டுப் பட்டதாரி இசை மாணவர்களுக்கு ஜெர்மானியக் கல்விப் பரிமாற்றச் சேவை தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. அதற்கு அனுப்பும் ஒலிப்பதிவில் அறையின் எதிரொலி அதிகமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். திருச்சபை இசை மாணவருக்கு இது பெரிய வசதி. விடுப்பில் போகும் ஆர்கன்காரருக்குப் பதிலாக ஞாயிறு ஆராதனை, சனிக்கிழமைத் திருமணம், வார நாள் அடக்க ஆராதனை என்று வாசிக்கப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் தருவார்கள். கிராமத்து ஆலயத்தில் குளிர்காலத்தில் வாசிக்கப் போகிறவர் விரல் நுனி வெட்டிய கையுறை எடுத்துப் போவது நல்லது.

ஒன்பதாம் படி: முதுநிலையின் இரண்டு ஆண்டுகள்

பி படிப்பு உங்களைத் தனியாக ஒரு சபையின் இசையை நடத்தத் தகுதியாக்கிவிடுகிறது. ஏ படிப்பு அதையே ஆழப்படுத்தி, முக்கியமாக இசைக்குழு நடத்துவதைச் சேர்க்கிறது. பெரிய ஆலயத்தில் அட்வெந்து காலத்தில் பாக்கின் கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோவும் பெரிய வெள்ளியன்று ஒரு பாடுகளின் இசையும் எதிர்பார்ப்பார்கள். அங்கே எண்பது பாடகர்களும், கூலிக்கு அமர்த்திய தொழில்முறை இசைக்குழுவும், நான்கு தனிப்பாடகர்களும் உங்கள் ஒரு கையின் கீழ் வருவார்கள். இசைக்குழு ஒத்திகைக்கு மணிக்கணக்கில் பணம் என்பதால் ஒரு நிமிடத்தையும் வீணாக்க முடியாது. வயலின் வில்லை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எக்காளக்காரருக்கு எத்தனை தாளக்கட்டு ஓய்வு வேண்டும் என்பதெல்லாம் நடத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

மனோதர்மமும் பெரிய வடிவங்களுக்குப் போகிறது: ஒரு பாட்டின் மேல் பல மாறுபாடுகள், ஒரு டொக்காட்டா, ஒரு ஃபியூக், ஊமைப் படத்துக்கு நேரடி வாசிப்பு. இதனோடு பாடல் வரலாறு, வழிபாட்டியல், ஆர்கன் அமைப்பியல், சிறுவர் குழு நடத்துதல், பாப் இசை ஆகியவையும் உண்டு. பாடல் வரலாறு தூங்கவைக்கும் பாடம் என்று மாணவர்கள் சொல்வார்கள், நான் உடன்பட மாட்டேன். லூத்தர் பக்கத்தில் 1524-இல் வெறும் எட்டுப் பாடல்களோடு வெளிவந்த முதல் நூலிலிருந்து இன்று கையில் இருக்கும் பாடல்நூல் வரை மெட்டும் சொல்லும் எப்படி மாறின என்று தெரிந்தவரே, எந்த ஞாயிறுக்கு எந்தப் பாட்டு என்று போதகரிடம் சமமாக உட்கார்ந்து வாதாட முடியும். ஆர்கன் அமைப்பியலில் கருவியின் உள்ளே ஏறிக் குழாய்களைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு வரும், தவறவிடாதீர்கள். பின்னாளில் பழுது பார்க்க வரும் பட்டறைக்காரர் நீட்டும் மதிப்பீட்டைப் புரிந்துகொள்ள அது ஒன்றே வழி.

இறுதித் தேர்வு ஒரே நாளில் முடிவதில்லை. பொதுமக்கள் முன் ஒரு முழு ஆர்கன் கச்சேரி, இசைக்குழுவோடு ஒரு பொதுக் கச்சேரி, வழிபாட்டு வாசிப்புத் தேர்வு, வாய்மொழித் தேர்வுகள் என்று அது ஒரு பருவம் முழுக்கப் பரவியிருக்கும். இசைக்குழுக் கச்சேரிக்கான ஆள்களை ஆறு மாதம் முன்பே பிடித்து வையுங்கள். டிசம்பரில் எந்த எக்காளக்காரரும் சும்மா இருக்க மாட்டார்.

பத்தாம் படி: பணியிடம்

படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். பணியிட விளம்பரத்துக்கு விண்ணப்பித்து அழைப்பு வந்தால், அது நேர்காணலாக மட்டும் இருக்காது. ஒரு ஆராதனை வாசிக்க வேண்டும், அந்தச் சபையின் சொந்தப் பாடகர் குழுவுக்கு அரை மணி நேரம் ஒத்திகை நடத்த வேண்டும், சிறுவர் குழுவோடும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வார்கள். பிறகு சபைக் குழுவினர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பாடகர் குழுவில் உள்ளவர்கள் வாக்களிக்காவிட்டாலும், அன்றிரவே அவர்கள் கருத்து சபைக் குழுவின் காதுக்குப் போய்விடும்.

நீங்களும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஆர்கனைக் கடைசியாக எப்போது முழுமையாகச் சுத்தம் செய்தார்கள்? ஒரட்டோரியோவுக்கு ஆண்டு நிதி எவ்வளவு, அது போதாத ஆண்டுகளில் யார் நன்கொடை திரட்டுகிறார்கள்? அடக்க ஆராதனைகள் சம்பளத்துக்குள் வருமா, தனியா? ஒத்திகை அறைக்குச் சாவி யாரிடம்? முந்தையவர் ஏன் போனார் என்பதையும் கேளுங்கள், ஆனால் அதைச் சபைக் குழுவிடம் கேட்காமல், ஒத்திகை முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஆல்ட்டோவில் பாடும் யாராவது மூத்த அம்மாவிடம் கேளுங்கள்.